மார்த்தாண்டம் – வடசேரி பஸ்ஸில் முழுசாகக் கேட்க ஒரு ஆல்பம் சொல்லுங்கள்

ஜன்னலோர சீட்டு:
எல்லாருக்கும் வணக்கம். தினமும் காலை மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி நாகர்கோவில் வடசேரியில் இறங்குகிறேன். முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் ரோடு இருக்கிற லட்சணத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. தக்கலையில் மாட்டினால் அது தனிக் கணக்கு.

இங்கிலீஷ் பாட்டு என்று நான் கேட்டதெல்லாம் ரீல்ஸில் ஓடுகிற முப்பது நொடிதான். போன வாரம் ஆபீஸில் ஒருவர், "ஒரு ஆல்பத்தையாவது முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேட்டிருக்கிறாயா?" என்றார். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, ஆமாம் என்றேன். எது என்று கேட்டார். அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

ராக், பாப் எதுவானாலும் சரி. ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தால் நல்லது. ஏன் அது என்றும் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்கு அலறல் மட்டும் வேண்டாம்.

சி-90:
தம்பி, என் வீட்டில் இதை என்னிடம் யாரும் கேட்பதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்'. 1973-இல் வந்தது, சுமார் 43 நிமிடம். நாங்கள் படிக்கிற காலத்தில் நாகர்கோவிலில் ஒரு கேசட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் பதிவு செய்து தருவார்கள். சி-90 கேசட் வாங்கிக் கொடுத்தால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். ஒரு பக்கம் ஒரு ஆல்பம் அளந்து வைத்ததுபோல் உட்காரும். என் பெயர் அப்படி வந்ததுதான்.

இந்த ஆல்பம் ஒரு இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பிலேயே முடிகிறது. நடுவில் நேரம், காசு, சாவு, புத்தி பேதலிப்பது எல்லாம் வந்து போகும். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம் பெரும்பாலும் தெரியாது. இசைத்தட்டின் முதல் பக்கம் ஒரு பெண் குரலோடு முடியும். கிளேர் டோரி என்கிற பாடகி. பாட வரிகள் எதுவும் கொடுக்காமல், சாவைப் பற்றிய பாட்டு, தோன்றியதைப் பாடு என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அவருக்குக் கொடுத்த கூலி 30 பவுண்டு. முப்பது வருஷம் கழித்து 2004-இல் வழக்குப் போட்டு, அடுத்த வருஷம் சமரசமாகி, அந்தப் பாட்டை ஆக்கியவர்களில் ஒருவராகத் தன் பெயரையும் போட வைத்தார். நம் ஊர்ச் சாவு வீட்டில் வார்த்தை தீர்ந்துபோன பிறகும் தொடர்கிற அழுகையைக் கேட்டவனுக்கு அந்தக் குரல் அந்நியமாக இருக்காது.

இரண்டாம் பக்கம் காசு குலுங்கும் சத்தத்தோடு தொடங்கும். நாணயம், கிழிகிற காகிதம், கல்லாப்பெட்டி. ஒவ்வொரு சத்தத்தையும் டேப்பில் பிடித்து, ஸ்கேல் வைத்து அளந்து வெட்டி, ஒட்டி, வளையமாகச் சுழல விட்டு எடுத்தது. கம்ப்யூட்டர் கிடையாது.

இனி என் கதை. 43 நிமிட ஆல்பம், 45 நிமிட நாடா. மிச்சம் இரண்டு நிமிடத்தை வீணாக்க அந்தக் கடைக்காரருக்கு மனசு வரவில்லை. போனி எம் குழுவின் 'ரஸ்புடின்' பாட்டில் ஒரு துண்டை ஒட்டிவிட்டார். நான் ஆறு வருஷம் அதுவும் பிங்க் ஃபிளாய்ட் செய்ததுதான் என்று நம்பினேன். இதயத்துடிப்பு மெல்ல அடங்கும், ஒரு நொடி மௌனம், உடனே திடும் திடும் என்று டிரம்ஸ். என்ன ஒரு கற்பனை என்று ஹாஸ்டலில் பிரசங்கமே செய்திருக்கிறேன்.

முட்டம் கலங்கரை:
அண்ணாச்சி, கடைக்காரர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

கீழ்க்கட்டை:
சி-90 அண்ணன் சொன்ன ஆல்பத்தை நானும் வழிமொழிகிறேன். தக்கலைப் பக்கம் ஒரு கோவில் பாடகர் குழுவில் பாஸ் கிட்டார் வாசிக்கிறேன், அதனால் ஒரு குறிப்பு. அந்தக் காசுப் பாட்டை ஏழு ஏழாக எண்ணிப் பாருங்கள். மிருதங்கக்காரர்கள் மிஸ்ரம் என்பார்களே, அந்த ஏழு. சாக்ஸபோன் முடிகிறவரை ஏழுதான். கிட்டார் தனி வந்ததும் சத்தமில்லாமல் நாலுக்கு மாறிவிடும். பலருக்கும் அந்த இடத்தில் ஏன் கால் தானாக ஆடுகிறது என்று தெரியாது, காரணம் இதுதான்.

என் தேர்வு பால் சைமனின் 'கிரேஸ்லாண்ட்', 1986. இதுவும் 43 நிமிடம் போல. 1985-இல் தென்னாப்பிரிக்கா போய் அங்கிருந்த கறுப்பினக் கலைஞர்களோடு உட்கார்ந்து வாசித்து, அதன்மேல் பாட்டு எழுதினார். வழக்கமாக மெட்டோ வரியோ முதலில் வரும். இங்கே தாளமும் பாஸும் முதலில், பாட்டு கடைசியில். அதனால்தான் எனக்கு இது பாட்டுக்காரர் ஆல்பமாகவே தெரியவில்லை, பாஸ்காரர் ஆல்பமாகத் தெரிகிறது. பக்கித்தி குமாலோ என்பவர் வாசித்திருக்கிறார், கழுத்தில் ஃபிரெட் என்கிற குறுக்குக் கம்பிகள் இல்லாத பாஸ், வழுக்கிக்கொண்டு போகும். 'யூ கேன் கால் மீ அல்' பாட்டின் கடைசிப் பகுதியில் ஒரு சின்ன பாஸ் தனி வரும். அதில் பாதிதான் அவர் வாசித்தது. மீதிப் பாதி, அதே நாடாவைத் திருப்பி ஓட விட்டது. நான் இரண்டு மாதம் அதைக் கையால் வாசித்துப் பழகிய பிறகு இந்த விஷயம் தெரிந்தது. விரல் வீங்கியதுதான் மிச்சம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிறவெறி அரசு இருந்த காலம் அது. கலைஞர்கள் யாரும் அங்கே போகக் கூடாது என்று ஐ.நா. ஆதரவோடு புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தது. அதை மீறிப் போனார் என்று சைமனைக் கடுமையாகத் திட்டினார்கள். கூட வாசித்தவர்களுக்கு நியூயார்க் சங்கக் கூலியைப்போல் மூன்று மடங்கு கொடுத்தார் என்பதும் உண்மை. இரண்டையும் தெரிந்துகொண்டு கேள்.

முட்டம் கலங்கரை:
சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். போனி எம், 'நைட்ஃபிளைட் டு வீனஸ்', 1978.

எங்கள் கடற்கரையில் கல்ஃப்பிலிருந்து வந்த முதல் டூ-இன்-ஒன் எந்த வீட்டில் இருந்ததோ அந்த வீட்டில் இது இருந்தது. டிசம்பர் வந்து குடில் கட்ட ஆரம்பித்தால் இன்றைக்கும் எங்கள் தெருவில் முதலில் ஒலிப்பது இவர்களுடைய கிறிஸ்துமஸ் பாட்டுதான். என் அம்மாவுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது, 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' முழுக்க முணுமுணுப்பார். ஒரு நாள் அது பைபிளில் வரும் திருப்பாடல்கள் 137 என்று சொன்னேன். "நாடு கடத்தப்பட்டவங்க அழுகிற பாட்டுக்கா இவனுங்க இப்படி ஆடுறானுங்க?" என்று கேட்டார். பதில் இல்லை.

கீழ்க்கட்டை:
போனி எம் டிஸ்கோ. மேடையில் ஆடினவர் பாடவே இல்லை என்று உலகத்துக்கே தெரியும்.

முட்டம் கலங்கரை:
தெரியும். ஆண் குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது. பாபி ஃபாரல் ஆட மட்டும் செய்தார். நம் சினிமாவில் எந்த நடிகர் சொந்தக் குரலில் பாடினார்? டி.எம்.எஸ். பாட, சிவாஜி வாயசைத்தபோது யாராவது ஏமாற்று வேலை என்றார்களா? தம்பி கேட்டது ராக் அல்லது பாப். இது பாப். அதோடு அண்ணாச்சி சொன்ன தொடர்ச்சி இதிலும் உண்டு. முதல் பாட்டு அப்படியே ரஸ்புடினுக்குள் போய் விழும், நடுவில் இடைவெளி கிடையாது.

சி-90:
அது சரியான பாயின்ட். கடைக்காரர் ஒட்டிய துண்டு அந்த இடத்திலிருந்துதான் எடுத்திருப்பார் போல.

சிரட்டை:
குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் முன்னூறு மரம். ஒரு காதில் மட்டும்தான் பாட்டு. இன்னொரு காது பன்றிக்கும் பாம்புக்கும் ஒதுக்கியது.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், 'நெப்ராஸ்கா', 1982. ஒற்றை ஆள், கிட்டார், மவுத் ஆர்கன். வீட்டில் உட்கார்ந்து நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் பதிந்தது. பிறகு பேண்டோடு ஸ்டுடியோவில் வாசித்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. அந்தக் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டுவிட்டார்கள். அதுவரை அதை உறைகூட இல்லாமல் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தாராம். சி-90 அண்ணனுக்குப் பிடிக்கும் கதை.

பாட்டெல்லாம் வேலை போனவன், கொலை செய்தவன், அப்பா வீட்டை வெளியே நின்று பார்க்கிறவன் பற்றி. பெரும்பாலும் சத்தமே போடமாட்டார். இரண்டு காதிலும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரே ஆல்பம் எனக்குத் தெரிந்து இதுதான். ஆனால் பஸ்ஸில் எடுபடுமா தெரியவில்லை. டிரைவர் போடுகிற பாட்டு இதை விழுங்கிவிடும்.

ஜன்னலோர சீட்டு:
அண்ணே, டிரைவர் பாட்டு பெரிய பிரச்சினைதான். நேற்று சி-90 அண்ணன் சொன்னதைப் போட்டேன். மூன்றாவது பாட்டுக்கு அப்புறம் நேராகக் காசுச் சத்தம், அப்புறம் திரும்பவும் கடிகாரம் அடிக்கிறது, நடுவில் ஷாம்பு விளம்பரம். இப்படித்தான் இருக்குமா?

சி-90:
ஐயோ.

கீழ்க்கட்டை:
தம்பி, காசு கட்டாமல் கேட்டால் சில ஆப் வரிசையைக் கலைத்துத்தான் போடும். அதில் ஆல்பம் கேட்பது, மீன் குழம்பைக் குழம்பு வேறு மீன் வேறாக வடிகட்டித் தின்பது மாதிரி. வழி இருந்தால் சி.டி. வாங்கிக் கோப்பாக மாற்றி போனில் போட்டுக்கொள். ஆப்தான் என்றால் மூன்று விஷயம் பார். ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். கிராஸ்ஃபேட் என்று ஒன்று இருக்கும், ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் குழைக்கிற வேலை அதற்கு, அதைப் பூஜ்யத்தில் வை. கேப்லெஸ் என்று இருந்தால் போட்டு வை. இல்லாவிட்டால் ஒட்டி ஓடுகிற பாட்டுக்கு நடுவில் சின்னதாக ஒரு விக்கல் விழும்.

இதைச் சோதிக்க பீட்டில்ஸின் 'அபே ரோடு' (1969) இரண்டாம் பக்கம் நல்லது. முடிக்காமல் கிடந்த பாட்டுத் துண்டுகளைக் கோத்துப் பதினாறு நிமிடம் ஒரே ஓட்டமாக வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு துண்டு வேண்டாம் என்று வெட்டச் சொன்னார்கள். பீட்டில்ஸ் பதிந்தது எதையும் தூக்கி எறியக் கூடாது என்று ஸ்டுடியோவில் கட்டளை இருந்ததால், ஜான் கர்லாண்டர் என்கிற இளம் உதவியாளர் அதை நாடாவின் கடைசியில் ஒட்டி வைத்தார். ஆல்பம் முடிந்து பதினாலு நொடி ஒன்றும் இருக்காது, அப்புறம் இருபத்துச் சொச்சம் நொடிக்கு அந்தத் துண்டு வரும். கேட்டுவிட்டு பால் மெக்கார்ட்னி அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆக, கடைசியில் துண்டு ஒட்டுகிற பழக்கம் நாகர்கோவில் கடைக்காரர் கண்டுபிடித்தது இல்லை.

மஸ்கட் வார்டு:
தாமதமாக வருகிறேன், நைட் டூட்டி. தம்பி, ஒரு பாடகியின் ஆல்பம்கூடச் சொல்லாமல் இத்தனை பேர் எழுதிவிட்டார்கள், பார்.

டிரேசி சாப்மன். முதல் ஆல்பம், அவர் பெயரேதான் தலைப்பும், 1988. பதினோரு பாட்டு, 36 நிமிடம். அந்த வருஷம் ஜூனில் லண்டன் வெம்ப்ளியில் மண்டேலாவின் 70-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு கச்சேரி. அவர் அப்போது சிறையில். சாப்மன் பகலிலேயே பாடி முடித்துவிட்டார். ராத்திரி ஸ்டீவி வொண்டர் மேடையேற வேண்டிய நேரத்தில் அவருடைய கருவிக்கு வேண்டிய டிஸ்க் காணவில்லை, அவரால் பாட முடியாது. மேடை காலி. டிவியில் உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒரு கிட்டாரோடு வந்து 'ஃபாஸ்ட் கார்' பாடினார். அதற்கப்புறம்தான் ஆல்பம் பறந்தது.

அந்தப் பாட்டில் ஒரு பெண் குடிகார அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்டுவிட்டு, எப்படியாவது இந்த ஊரை விட்டுப் போகலாம் என்று ஒருவனோடு கிளம்புகிறாள். போன இடத்தில் அவனும் அதே மாதிரி ஆகிவிடுகிறான். என்னோடு படித்த பதினெட்டுப் பேரில் பதினோரு பேர் இப்போது வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறோம். நாங்கள் யாரும் கார் வைத்திருந்த ஒருவனை நம்பிக் கிளம்பவில்லை, ஐலண்ட் எக்ஸ்பிரஸில் போனோம். ஆனாலும் அந்தப் பாட்டை எங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சிரட்டை:
அக்கா, இதை எப்படி விட்டேன். நாளைக்குக் காலை இதுதான்.

மரச்சீனி:
எல்லாரும் கடல் தாண்டியே யோசிக்கிறீர்கள். களியக்காவிளை தாண்டி யோசியுங்கள். 'அவியல்' குழுவின் முதல் ஆல்பம், 2008. மலையாளத்தில் ராக். இங்கிலீஷ் ராக்கில் மலையாள வரியைத் திணித்தது மாதிரி இருக்காது, நாட்டுப்பாட்டின் நடையே ராக் நடையாகப் போகும். மேற்கே விளவங்கோடு, கல்குளம் ஆட்களுக்கு அர்த்தம் தேட வேண்டியதில்லை. சென்னையில் என் ரூம்மேட்டுக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தேன், கடைசியில் அவன் கேட்டது: "அவியல்னா சாப்பாடு இல்லையா?"

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன், விதி மீறல்தான். டெல்லி 'இந்தியன் ஓஷன்' குழுவின் 'கந்தீசா', 2000. தலைப்புப் பாட்டு அராமிக் மொழியில் இருக்கிறது, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய துதிப்பாட்டு. மார்த்தாண்டத்தில் மலங்கரைக் கோவிலுக்குப் போகிற என் பெரியம்மா ரிங்டோனாகக் கேட்டுவிட்டு, "இது குர்பானாப் பாட்டு மாதிரி இருக்கே, உன் போனில் என்ன செய்கிறது?" என்றார்.

முட்டம் கலங்கரை:
இளையராஜா இல்லாமல் இழை முடியப் போகிறதா?

நெறியாளர்:
ராக், பாப் என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. ராஜாவுக்குத் தனி இழை ஓடுகிறது, நானூறு பதிவு தாண்டிவிட்டது.

கீழ்க்கட்டை:
நெறியாளர் மன்னிக்க, ஒரே வரி. 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் ஜே.எஸ். பாஹ்க்கும் காணிக்கை. எந்த வகை என்று தலைப்பிலேயே அவர் கையை விரித்துவிட்டதால் எந்த இழையிலும் போடலாம்.

நெறியாளர்:
சரி, விட்டேன்.

சி-90:
ஃபிளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' (1977) யாரும் சொல்லவில்லை, ஆச்சரியம். 40 நிமிடம். குழுவில் இருந்த இரண்டு ஜோடிகள் பிரிந்துகொண்டிருந்தார்கள், டிரம்ஸ்காரரின் கல்யாணமும் உடைந்துகொண்டிருந்தது. ஒருவரைப் பற்றி மற்றவர் பாட்டு எழுத, அதற்கு அவரே உட்கார்ந்து கோரஸ் பாடியிருக்கிறார். இத்தனைக்கும் கேட்க வெயில் நாள் மாதிரி இருக்கும். ஸ்டீவி நிக்ஸ் எழுதிய 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' பாட்டு நீளம் என்று இசைத்தட்டில் இடமில்லாமல் கழித்துவிட்டார்கள், அவருக்கு அந்தக் கோபம் ரொம்ப நாள் இருந்தது. என் கேசட்டில் அதற்கு இடம் இருந்திருக்கும். ஒரு பக்கத்தில் ஐந்து நிமிடம் மிச்சம்.

மஸ்கட் வார்டு:
அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் கடைக்காரர் என்ன ஒட்டினார்?

சி-90:
அது வேண்டாம். பக்தி.

ஜன்னலோர சீட்டு:
பதினோரு நாள் கழித்து வருகிறேன். ஷஃபிளை அணைத்தேன், ஒரு மாதத்துக்குக் காசும் கட்டினேன்.

'கிரேஸ்லாண்ட்' இரண்டு முறை. அந்த பாஸ் தனி வந்த இடத்தில் பஸ் சுவாமியார்மடம் தாண்டிக்கொண்டிருந்தது, பின்னால் தள்ளி நாலு முறை கேட்டேன், திருப்பி ஓட விட்டது என்று தெரிந்தும் காது நம்பவில்லை. போனி எம் எனக்கு ஒட்டவில்லை, முட்டம் அண்ணன் கோபப்படக் கூடாது. 'பாபிலோன்' மட்டும் பிடித்தது, உங்கள் அம்மா கேட்ட கேள்வியால். 'நெப்ராஸ்கா' சொன்னதுபோலவே பஸ்ஸில் தோற்றது. ராத்திரி மொட்டைமாடியில் கேட்டேன், அங்கே சரி. 'அவியல்' கேட்டு வழியில் தலையாட்டியதில் பக்கத்து சீட்டுத் தாத்தா "என்ன மக்கா, சுகமில்லையா?" என்றார். டிரேசி சாப்மனை என் தங்கைக்கு அனுப்பினேன், அவள் நர்சிங் இரண்டாம் வருஷம். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மூன்று நாளாக அந்த இயர்போன் என் கையில் திரும்ப வரவில்லை. 'ரூமர்ஸ்' அடுத்த வாரம்.

'டார்க் சைட்' இன்று காலை, வரிசையாக, விளம்பரம் இல்லாமல். டிரைவர் டேப் ரிப்பேர், என் அதிர்ஷ்டம். அந்தப் பெண் குரல் வந்தபோது அழகியமண்டபம். கடைசியில் இதயத்துடிப்பு அடங்கும்போது பஸ் பார்வதிபுரம் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. சி-90 அண்ணன் நினைவு வந்தது. ஒரு நொடி விட்டு நானே ரஸ்புடினைப் போட்டேன்.

நல்லாத்தான் ஒட்டுது அண்ணே.

முட்டம் கலங்கரை:
இதைத்தானே மக்கா முதல் நாளே சொன்னேன்.

சி-90:
அந்தக் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது தம்பி. பிளேயரில் பெல்ட் இளகிப்போய்ப் பாட்டு இழுக்கிறது. நாகர்கோவிலில் இப்போது பெல்ட் மாற்றித் தருகிறவர்கள் யாராவது இருந்தால் இங்கே எழுதுங்கள்.